மேடத்தின் மருந்து

பிப்ரவரி 4

என் வாலுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் உன் ஏழு பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் போன் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முங்கி உயிரை விட்ட கதையைப் பால் வண்டிக்காரர் சொன்னார். இனிமேல் போனே வாங்கப் போவதில்லை என்று சபதம் வேறு போட்டிருக்கிறாயாம். "லெட்டர் எழுதுங்கம்மா, நான்தான் தினம் போறேனே. எங்க தெரு முனைப் பால் பூத்துல குடுத்துட்டா போதும்" என்றார். சரி, எழுதுகிறேன். குழந்தை தூங்கும் அரை மணியில் எழுதுவதால் பாதியில் நின்றால் கோபித்துக்கொள்ளாதே.

குட்டிக்கு இரண்டு மாதம் முடிந்தது. நேற்று எடை போடக் கொண்டு போனேன். ஏற வேண்டிய அளவு ஏறவில்லை. நர்ஸ் அட்டையில் எடையை எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். "பால் போதுதாம்மா?" என்று கேட்டாள். போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விக்குறிதான் கூடவே நடந்து வந்தது.

இப்போதெல்லாம் கடிகாரம் வைத்துத்தான் கொடுக்கிறேன். இடது பக்கம் பன்னிரண்டு நிமிடம், வலது பக்கம் ஒன்பது நிமிடம். உன் மாமா பார்த்துவிட்டு, "நீ பால் கொடுக்கறியா, ஓட்டப்பந்தயம் நடத்தறியா?" என்கிறார். அவரே ஒரு பால் பவுடர் டப்பாவும் வாங்கி வந்து வைத்திருக்கிறார், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. நான் அதைச் சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்வதற்கென்ன. வேலையை விட்டேன், ஊரை விட்டேன், அம்மா இல்லாத பிரசவத்தையும் பார்த்துவிட்டேன். ஆறு மாதம் வரைக்கும் இவளை என் பாலிலேயே வளர்க்க வேண்டும், அது ஒன்றாவது எனக்குச் சரியாக வர வேண்டும் என்று இருக்கிறது. உனக்குச் சிரிப்பாக இருக்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

உன் லெட்டரை வண்டிக்காரர் சட்டைப் பையிலேர்ந்து எடுத்துக் கொடுத்தார். நாலு மூலையும் பால்ல நனைஞ்சிருந்தது. நான் சுகம். ஏழு பேரும் சுகம்னு எழுதத்தான் ஆசை, ஆனா இன்னைக்கு ஆறு பேர்தான் சுகம். மேடத்துக்கு மடி வீங்கியிருக்கு.

மேடத்தை நீ பார்த்ததில்லை. போன வருஷம் வாங்கினது. கன்னு பிறந்த அன்னிக்கே செத்துப்போச்சு, தனியா வந்தா. யாராவது பக்கத்துல போனா கழுத்தை நிமிர்த்தி, ஃபைல் கொண்டு வந்திருக்கியான்னு கேக்கற மாதிரி ஒரு பார்வை பார்ப்பா. அதனால மேடம்.

முந்தாநாள் காலையில பின்னங்காலை அகட்டி வச்சு நின்னா. எனக்கு அப்பவே சந்தேகம். மடியில நாலு பாகத்தையும் புறங்கையால தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கை உழைச்சு மரத்துப் போச்சு, அதுக்குச் சூடு தெரியாது. மூணு பாகம் ஒரே மாதிரி. நாலாவது அடுப்பு. முதல் பீச்சலைக் கறுப்புத் தட்டுல பிடிச்சுப் பார்த்தா திரி திரியா வருது.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூணையும் சேர்த்து அரைச்சா ரத்தச் சிவப்புல ஒரு விழுது வரும். மடியைக் கழுவி, கெட்டுப்போன பாலை ஒரு சொட்டு விடாம பீச்சி வெளியேத்திட்டு, அதைத் தண்ணியாக் கரைச்சுப் பூசணும். ஒரு நாளைக்குப் பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் கழுவணும், பீச்சணும், பூசணும். மேடம் ரெண்டு தடவை உதைச்சாச்சு. மூணாவது உதைக்கு நான் பழகிட்டேன்.

ஊசி போட்டா வேலை சுளுவு. ஆனா அந்த மருந்து பால்ல இறங்கும். ஊசி போடற நாள் எல்லாம், அப்புறம் இன்னும் சில நாளும் பாலை மண்ணுலதான் கொட்டணும். பால் சொசைட்டியில சோதிச்சுத் திருப்பிடுவாங்க. அதனால ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா முதல்ல இதைச் செஞ்சு பாருன்னு எனக்குக் கத்துக்கொடுத்ததே மாட்டு டாக்டரம்மாதான். ஆஸ்பத்திரி ஷெட்டுல மூணு நாள் பயிற்சி நடத்தினாங்களே, அதுல முதல் வரிசையில உக்காந்து கேள்வி கேட்டே அவங்களைத் தொல்லை பண்ணினது நான்தான்.

குட்டியைக் கேள்விக்குறி எல்லாம் போட்டு யாரும் எடை போட முடியாது, சொல்லிட்டேன். அவளுக்கு என் முத்தம்.

வாலு

&nbsp;

பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை உன் மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். புறங்கை வரிக்கு வந்தபோது அவர் தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்பா போன பிறகு நீ காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு மாடுகளோடு இருக்கப் போகிறேன் என்றபோது, "இலை அரைக்கவா ரெண்டு வருஷம் படிச்சே?" என்று கேட்டவள் நான். எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது. உனக்கும் இருக்கும். வாய் பேசாத ஒன்று காலை அகட்டி நிற்பதைப் பார்த்தே எங்கே வலி என்று கண்டுபிடிப்பதற்கு எந்தக் காலேஜில் சீட்டுக் கொடுக்கிறார்கள்? எனக்கு வாய் இருந்தும், என் குழந்தை எதற்கு அழுகிறாள் என்று எனக்குத் தெரிவதில்லை.

இந்த முறை எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கேள்விக்குறி போகவில்லை. கீழ்வீட்டு டெய்லரம்மா, "உன் பாலு தண்ணியா இருக்கும்மா, அதான் ஒட்ட மாட்டேங்குது" என்கிறார். அளவெடுக்காமலே சொல்லிவிட்டார்.

மேடம் எப்படி இருக்கிறாள்? உடனே எழுது.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

நாங்க எட்டு பேரும் சுகம். இந்தத் தடவை நிஜமாவே எட்டு பேரும்.

மேடத்துக்கு மூணாம் நாள் சூடு குறைஞ்சது, அஞ்சாம் நாள் மடி பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. கறுப்புத் தட்டுல திரி இல்லை. சொசைட்டியில பாலைச் சோதிச்சுட்டு கேனை உள்ள எடுத்துக்கிட்டாங்க. நான் அங்கேயே ஒரு சுத்து சுத்தி ஆடலாம்னு நினைச்சேன், வரிசையில ஆள் நின்னாங்க.

இப்போ அக்கம்பக்கத்துலேர்ந்து வந்து கேக்கறாங்க. நேத்து ஒருத்தர் கால் குளம்புப் புண்ணோட மாட்டை நடத்தியே கூட்டிட்டு வந்துட்டார். குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன். "ஃபீஸ் எவ்வளவு?"ன்னு கேட்டார். அடுத்த தடவை மாட்டை நடக்க விடாம என்னை நடக்க விடுங்க, அதான் ஃபீஸ்னு சொன்னேன்.

நீ அந்த மன்னிப்பை எல்லாம் மடிச்சு உள்ள வை. நீ அப்படிக் கேக்கலைன்னா நான் முதல் வரிசையில உக்காந்திருக்கவே மாட்டேன்.

டெய்லரம்மாகிட்ட சொல்லு: முதல்ல வர்ற பால் தண்ணியாத்தான் இருக்கும், கடைசியில வர்றதுதான் கெட்டி. மாட்டுக்கே அப்படித்தான். அதனால கடிகாரத்தைக் கழட்டி வச்சுட்டு ஒரு பக்கம் முழுசாக் காலியாகட்டும்னு விடு. குட்டியா விடற வரைக்கும் விடு.

வாலு

&nbsp;

மார்ச் 12
(கிழித்துப் போட எடுத்து, கிழிக்காமல் மடித்து வைத்தது)

வாலு,

நான் சுகமாக இல்லை.

முந்தாநாள் வலது பக்கம் ஒரு இடத்தில் கல் மாதிரி இருந்தது. நேற்று அது சிவந்து, தொட்டால் சுடுகிறது. சாயங்காலத்திலிருந்து குளிர்க் காய்ச்சல். குட்டி வாய் வைத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது, அதனால் இடது பக்கம் மட்டும் கொடுக்கிறேன். அவளுக்குப் போதவில்லை. உன் மாமாவுக்கு இந்த வாரம் இரண்டு ஷிஃப்டு. வருகிறார், விழுகிறார், எழுந்து போகிறார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவார்.

டாக்டர் ஊசி போடுவார். ஊசி மருந்து பாலில் இறங்கும். நீதான் எழுதியிருக்கிறாயே, மண்ணில்தான் கொட்ட வேண்டும் என்று. எத்தனை நாள்? அத்தனை நாளும் டப்பா. டப்பா ஒரு தடவை திறந்தால் பிறகு எனக்குப் பால் எங்கே நிற்கும். கடிகாரத்தைக் கழட்டி வைத்து இரண்டு வாரம்தான் ஆகிறது. எடை அட்டையில் கேள்விக்குறி போடாமல் விட்டது இந்த ஒரு தடவைதான்.

மேடத்துக்கு ஐந்து நாளில் இறங்கிவிட்டதே. எனக்கு மட்டும் இறங்காதா?

இதை நீ படித்தால் ஏழு பேரையும் அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவாய். வேண்டாம்.

&nbsp;

மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்துக்குப் பதினைந்து நாள் பதில் எழுதாததற்குக் காரணம் ஒன்றுமில்லை, துணிதான். இந்தக் குழந்தை ஒரு நாளைக்கு நனைக்கும் துணியைக் காயப் போட எங்கள் பால்கனிக் கொடி போதவில்லை.

எடை நன்றாக ஏறியிருக்கிறது. கேள்விக்குறி இல்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

மேடத்தின் மருந்தை அளவோடு எழுதி அனுப்பேன். உன்னைப் பற்றி நாலு பேரிடம் பெருமை பேசும்போது அரைகுறையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை கற்றாழை, எவ்வளவு மஞ்சள், சுண்ணாம்பு எவ்வளவு? பூசின எத்தனை மணி நேரத்தில் சூடு இறங்க ஆரம்பித்தது? மேடத்துக்குக் காய்ச்சல் இருந்ததா? அதற்கு ஏதாவது தனியாகக் கொடுத்தாயா?

நாளை வண்டியிலேயே பதில் அனுப்பிவிடு. சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா

&nbsp;

மார்ச் 13

அக்காவுக்கு,

சுகம். கேள்விக்குறி போன சேதியை ஏழு பேர்கிட்டயும் தனித்தனியாச் சொல்லிட்டேன். மேடம் மட்டும் தலையாட்டினா.

நீ என் மருந்தைக் கேட்டு எழுதுவேன்னு யாராவது ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நல்லா பெருமை பேசு. அரைகுறையா இல்லாம முழுசாப் பேசு. எழுதிக்கோ:

கற்றாழை பெரிய மடலா ரெண்டு மூணு, முள்ளை மட்டும் சீவிட்டு. மஞ்சள் தூள் ஒரு கை நிறைய. சுண்ணாம்பு ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு. எல்லாத்தையும் சேர்த்து அரைச்சா சிவக்கும். சிவக்கலைன்னா சுண்ணாம்பு போதலைன்னு அர்த்தம். அதுல கொஞ்சம் எடுத்துத் தண்ணி விட்டுக் கரைச்சு, கழுவிப் பீச்சின மடியில முழுக்கப் பூசணும். பத்து தடவை, அஞ்சு நாள். தினம் புதுசா அரைக்கணும். மேடத்துக்குக் காய்ச்சல் இல்லை, அதனால தனியா ஒண்ணும் கொடுக்கலை. சூடு மூணாம் நாள்தான் குறைஞ்சது. பொறுமை வேணும், அவ்வளவுதான்.

வண்டி நிக்குது. குட்டிக்கு முத்தம்.

வாலு

&nbsp;

மார்ச் 16

வாலுக்கு,

நலம். உன் நலத்துக்கு வேண்டுகிறேன்.

மருந்து கிடைத்தது. தெளிவாக எழுதியிருந்தாய். ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். பூசின இடத்தில் தோல் எரிந்து உரிந்தால் என்ன செய்வாய்? நன்றாகக் கழுவித் துடைத்த பிறகும் மேடத்தின் கன்று மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால்? ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் திருப்பிக்கொண்டால்? பிறகு அது திரும்பி வருமா?

டப்பாவை முன்வரிசைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். எப்போதாவது திறக்கத்தானே வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

&nbsp;

மார்ச் 19

அன்புள்ள தங்கச்சிக்கு, மாட்டு டாக்டர் எழுதுவது. உன் அக்காவுக்குக் காய்ச்சல் என்று வண்டிக்காரர் சொன்னார். இப்போது எப்படி இருக்கிறது? காய்ச்சல் விட்டதா? முதலில் அதை எழுது, மற்றதெல்லாம் பிறகு.

இங்கே ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன், இடது முட்டிக்குக் கீழே ஒரு நீலத்தோடு. மேடத்தின் உபயம். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஆனால் மற்றவர்கள் மாட்டுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேனே தவிர, விடிந்தும் விடியாமலும் ஏழு மாட்டில் பால் கறந்ததில்லை. என் கம்பவுண்டர் மூன்று, நான் நான்கு. சொசைட்டியில், "டாக்டரம்மா, டிரான்ஸ்ஃபரா?" என்று கேட்கிறார்கள்.

முந்தாநாள் நான் கன்றுகளுக்கு மருந்து கொடுக்க வந்தது நல்லதாகப் போயிற்று. நீ கடிதத்தை நின்றபடியே படித்தாய். "மேடத்துக்குக் கன்னே கிடையாது. அவளுக்கு அது தெரியும். அவ யாரைக் கேக்கறா?" என்றாய். எனக்குப் புரிவதற்குள் நீ பால் கேன்களுக்கு நடுவே வண்டியில் ஏறியாயிற்று. ஒரு காலில் செருப்பு இல்லை. அந்த இன்னொன்று இங்கேதான் இருக்கிறது, பத்திரம்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தீவன அளவு தேடும்போது உன் நோட்டைத் திறந்தேன், மூட முடியவில்லை. பலித்ததை எல்லோரும் எழுதுவார்கள். பலிக்காததை நீ தேதி போட்டு எழுதியிருக்கிறாய், ஏன் பலிக்கவில்லை என்று உனக்குத் தோன்றியதையும் சேர்த்து. ஒவ்வொரு மருந்துக்கும் அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே: "காய்ச்சல் வந்தால், மூன்றாம் நாளும் மாற்றம் இல்லாவிட்டால், தோல் பொறுக்காவிட்டால், இதற்கு மேல் நான் இல்லை. டாக்டர்." என் பயிற்சியில் இந்தக் கோட்டை நான் சொல்லித் தரவில்லை. அடுத்த பயிற்சியில் சொல்லித் தருவேன், உன் பெயரைச் சொல்லி.

அவசரப்பட்டுத் திரும்பாதே. மேடத்துக்கும் எனக்கும் இப்போதுதான் ஒரு சமாதானம் உண்டாகியிருக்கிறது.

டாக்டர்

&nbsp;

மார்ச் 26

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். உன் காய்ச்சல் திரும்ப வரலையே? மாத்திரை மிச்சம் இருக்கற ரெண்டு நாளும் விடாம போடு. நல்லாயிடுச்சுன்னு நீயா நிறுத்தினா மாமாகிட்ட சொல்லிடுவேன்.

உன் முன்னாடி சொல்ல வரலை, அதான் எழுதறேன். டாக்டரம்மா அந்த நோட்டைப் பத்தி ரொம்பப் பெருமையா எழுதியிருந்தாங்க. எனக்கு அதைப் படிச்சப்போ உடம்பு கூசிப்போச்சு. அவ்வளவு கோடு போட்ட நான் உனக்கு எழுதின மருந்துக்கு அடியில கோடு போடலை. நீ என்னைக் கேட்டுட்டேங்கற சந்தோஷத்துல அளவை எழுதினேன், எல்லையை எழுதலை. 'மேடத்துக்குக் காய்ச்சல் இருந்ததா'ன்னு நீ கேட்டிருந்தே. அந்த வரியிலயே நான் நிமிர்ந்திருக்கணும். மாடு காதை ஒரு பக்கம் சாய்ச்சாக்கூட எனக்குத் தெரியுது.

இன்னொண்ணும். பாலை மண்ணுல கொட்டறது சொசைட்டிக்காக. ஊரெல்லாம் அதை வாங்கிக் குடிக்குதே, அதுக்காக. அது கொட்டகை சட்டம். உன் வீட்டுச் சட்டம் இல்லை. அதை ஒரு வார்த்தை அப்பவே எழுதியிருந்தா நீ ஆறு நாள் காய்ச்சலோட கிடந்திருக்க மாட்டே.

வலது பக்கம் இன்னும் வாய் வைக்கலையா? நான் காட்டினபடி கையால எடுத்துக்கிட்டே இரு, எடுக்க எடுக்கத்தான் ஊறும். தோல் ஆறினாலும் அவளுக்கு அந்த எரிச்சலான வாடை ஞாபகம் இருக்கும். ஒண்ணே ஒண்ணு: தலையைப் பிடிச்சு அழுத்தாதே. கன்னை அழுத்தினா அது பின்னால தள்ளும். தானா வந்தாத்தான் வரும். வரலைன்னா ஒரு பக்கத்துலயே வளர்த்த அம்மாக்கள் எத்தனையோ பேர் இருக்காங்க. நீ தோத்துட்டேன்னு யாரும் எழுத மாட்டாங்க.

வாலு

&nbsp;

ஏப்ரல் 3

என் தங்கைக்கு,

நலம். இந்தத் தடவை எழுதுவதற்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம். மாத்திரை முடித்துவிட்டேன். தோல் ஆறிவிட்டது. அன்றைக்கு மடித்து வைத்த ஒரு தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். தேதியைப் பார்.

நீ உன்னைக் குறை சொல்லிக்கொண்டு எழுதியதற்குப் பதில் எழுத எட்டு நாள் பிடித்தது. நான் பார்த்ததை எழுதுகிறேன், அதுவே பதிலாக இருக்கட்டும்.

நீ வந்த அன்று கதவைத் திறந்தேன். ஒரு காலில் செருப்பு, தாவணியெல்லாம் பால். நான் "என்னடி திடீர்னு" என்று ஆரம்பித்தேன். நீ நேராகப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாய். வந்து புறங்கையை என் கழுத்தில் வைத்தாய். பிறகுதான் உன் முகம் மாறியது. அடுத்த கால் மணியில் நாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

அங்கே அந்த டாக்டர், "எந்த அறிவாளி உங்களுக்குச் சுண்ணாம்பு பூசச் சொன்னது?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் டாக்டர். மாட்டுக்கு எழுதிக் கொடுத்தேன், யாருக்குன்னு கேக்காம எழுதிக் கொடுத்தேன்" என்றாய். என் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் உன்னைப் பத்து நிமிடம் திட்டினார். நீ கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, எந்த நாளில் கட்டி, எந்த நாளில் சிவப்பு, என்ன பூசினேன், எத்தனை தடவை என்று ஒன்றுவிடாமல் சொன்னாய். அதில் பாதி நான் வழியில் சொன்னது, மீதி நான் சொல்லாமல் நீயே பார்த்துக் கணித்தது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். "பாதி" என்றாய்.

பிறகு அவர் சொன்னார், இந்த மாத்திரை குழந்தைக்கு ஒன்றும் செய்யாது, பாலை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால்தான் கட்டும் என்று. நான் அங்கேயே அழுதேன். பத்து ரூபாய்க்குப் பெறாத ஒரு கேள்வியைக் கேட்க வெட்கப்பட்டு என்னவெல்லாம் செய்திருக்கிறேன். நீயானால், "டாக்டர், இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க, இவளுக்குக் காதுல விழணும்" என்றாய்.

உன் மருந்தைப் பற்றி உனக்கு ஒரு சந்தேகமும் வேண்டாம். அது மேடத்துக்குச் சரியான மருந்து. அதை நீ மேடத்துக்காகத்தான் அரைத்தாய். நான் தொட்டது உன் மருந்தை இல்லை, என் பயத்தை.

டப்பாவை ஒரு வேளை திறந்தேன், நீ வருவதற்கு முந்தின நாள். உனக்குத் தெரியும், மூடியைப் பார்த்தாய். கேட்கவில்லை. அதற்கும் நன்றி.

வலது பக்கம் இன்னும் இல்லை. பதினெட்டு நாள். கையால் எடுத்துக் கரண்டியில் கொடுக்கிறேன். எடுக்கும் அளவு குறைந்துகொண்டே வருகிறது. நேற்றுக் கிண்ணத்தின் அடி மட்டும்தான் நனைந்தது. தலையை அழுத்தவில்லை. பக்கத்தில் கொண்டுபோகிறேன், திருப்பிக்கொள்கிறாள், சரி என்று விடுகிறேன். விடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. எடை பரவாயில்லை. டெய்லரம்மா இப்போது கரண்டியைப் பற்றிப் பேசுகிறார்.

டாக்டரம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது? விசாரித்ததாகச் சொல்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 21

வாலு,

சுகம். உன் சுகத்தை அடுத்த தடவை விரிவாகக் கேட்கிறேன்.

எழுத்து கோணலாக இருக்கும். பயப்படாதே, காய்ச்சல் இல்லை. இடது கையால் எழுதுகிறேன்.

நேற்று மதியம் குட்டி பாதித் தூக்கத்தில் இருந்தாள். நான் கிண்ணமும் கரண்டியும் எடுத்து வைத்துக்கொண்டு, அவளை மடியில் போட்டபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை. தானாகத் தேடி வந்தாள். முதலில் என்னவென்றே புரியவில்லை. பிறகு அசையப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஒரு தடவை. இப்போது மூன்றாவது தடவை. அதனால் வலது கை காலியாக இல்லை, அவள் தலை அதில் இருக்கிறது.

பால் குறைவுதான். விடாமல் இழுக்கிறாள். நடுவில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறாள்.

உன் மாமா வேலைக்குக் கிளம்பி, இந்தக் கடிதத்தைப் பூத்தில் கொடுப்பதற்காகக் கதவருகே நிற்கிறார். "முடிஞ்சுதா?" என்கிறார். என்னைக் கேட்கிறாரா, இவளைக் கேட்கிறாரா தெரியவில்லை. இன்னும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா